சின்னச் சுறாவின் சரித்திரம்

சுறாவைப் பற்றிக் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் பெரிய சுறாவையே எழுதுகிறார்கள். முத்துக் குளிப்பவனின் காலைக் கவ்வுகிற சுறாவுக்குத்தான் கதையில் இடம். குறுந்தொகையிலேயே, சுறா தாக்கிய புண் ஆறி மறுபடியும் கடலுக்குப் போகிற ஒரு தகப்பனார் வருகிறார். ஆனால் காலங்காலமாக நம் கரைகளில் மனிதர் கையில் அகப்பட்டு, அறுபட்டு, உப்பிலும் சட்டியிலும் முடிந்துபோகிற சின்னச் சுறாவுக்குச் சரித்திரம் எழுத ஆள் இல்லை. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது லண்டனுக்கும் பெர்லினுக்கும் போய்த் திரும்பி வந்து, இன்று ஒரு கேள்வியாக நம் மணலிலேயே நிற்கிறது.

முதலில் கரையிலிருந்து அதைப் பிடிக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கரைவலையில் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் இருப்பவர்களிடம் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே சென்று, மறு முனையோடு சற்றுத் தள்ளிக் கரை சேரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். வெகுநேரம் இழுத்த பிறகு வலையின் மடி மணலில் வந்து விழும். நெத்திலி, சாளை, காரல், நண்டு இவற்றுக்கு நடுவே, பருவம் வாய்த்தால், சாம்பல் நிறத்தில் சில சுறாக்களும் துள்ளும். ஒன்று முழ நீளம் இருக்கும். மற்றொன்று இரண்டு முழம் இருக்கும்.

மற்ற மீனை அள்ளுவது போல இதை அள்ள முடியாது. சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். வாலை மட்டும் பிடித்துத் தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துப் பிடித்த கையையே கடித்துவிடும். தோலும் அப்படித்தான். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு. வாலிலிருந்து தலைக்குத் தடவினால் அரம். பல்லைப் போன்ற நுண்ணிய செதில்கள் தோல் முழுவதும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதுதான் காரணம். உப்புத்தாள் வருவதற்கு முன்னால் பல நாடுகளில் தச்சர்கள் மரத்தை மெருகேற்றச் சுறாத்தோலைத் தேய்த்தார்கள். ஒரு கை தலைக்குப் பின்னால், ஒரு கை வாலடியில். இதுதான் பிடிக்கிற முறை.

செத்த பிறகும் அதற்கு ஒரு பக்குவம் வேண்டும். கடலின் உப்புக்கு ஈடுகொடுப்பதற்காகச் சுறா தன் இரத்தத்திலும் சதையிலும் யூரியாவை வைத்துக்கொண்டிருக்கிறது. உயிர் போனதும் அந்த யூரியா கெட்டு அம்மோனியாவாக மாறத் தொடங்கும். உடனே குடலை எடுத்து, இரத்தம் போகக் கழுவி, ஐஸிலோ உப்பிலோ போடாவிட்டால் வீடெல்லாம் நாறும். ரசாயனம் படிக்காத கரைக்காரர்கள் இந்தப் பக்குவத்தைப் பழக்கத்திலேயே அறிந்திருந்தார்கள்.

இப்படிப் பிடிபடுகிற சின்னச் சுறாக்களில் நம் வீடுகளுக்கு மிகவும் தெரிந்தது பால் சுறா. அதை வேகவைத்து, தோலைத் தேய்த்து எடுத்து, சதையை உதிர்த்து, மஞ்சள், பூண்டு, வெங்காயம், மிளகாயோடு புட்டாகக் கிளறிப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது வழக்கம். தாய்ப்பால் ஊறும் என்பது நம்பிக்கை. இந்த நம்பிக்கையை ஒட்டித்தான் ஆங்கிலத்திலும் அதற்குப் பால் சுறா என்று பொருள்படும் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நம் கரைப் பெயர்கள் இப்படிக் கப்பலேறியதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரில் இருக்கிற ரஸ்ஸல் இவர்தான். 1781-ம் வருஷம் இந்தியாவுக்கு வந்த அவர் விசாகப்பட்டினத்தில் தங்கி, பாம்புகளோடு மீன்களையும் ஆராய்ந்தார். 1803-ல் லண்டனில், சோழமண்டலக் கரையின் இருநூறு மீன்களைப் படத்தோடு விவரிக்கும் அவருடைய நூல் வெளியாயிற்று. மீன்களுக்கு அவர் புதுப்பெயர் தேடிக்கொண்டிருக்கவில்லை. கரையில் என்ன சொன்னார்களோ அதையே எழுதிக்கொண்டார். 'பால சொர்ரா', 'சொர்ரா கோவா' என்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. விசாகப்பட்டினத்துத் தெலுங்கில் சொர; நம்மிடம் சுறா. சொல் ஒன்றுதான்.

பின்னால் வந்த ஐரோப்பிய பண்டிதர்கள் இந்தச் சொற்களை அப்படியே லத்தீன் பெயர்களோடு ஒட்டவைத்தார்கள். சோரக்கோவா, பாலசோரா என்பவை உயிரியல் நூல்களில் வெகுகாலம் வழங்கின. சோரா என்ற பெயர் இன்றும் ஒரு சுறாவுக்கு இருக்கிறது. அந்தப் பெயரை நிலைநாட்டியவர்கள் பெர்லினைச் சேர்ந்த யோஹன்னஸ் முல்லர், ஹென்லெ என்ற இருவர்; வருஷம் 1839.

இந்த முல்லர் இன்னொரு காரியமும் செய்தார். சில சுறாக்களில் குட்டி, தாயின் கருப்பையோடு கொடியால் இணைந்து வளர்கிறது என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருந்தார். இரண்டாயிரம் வருஷமாக அதை உறுதிசெய்தவர் அநேகமாக யாரும் இல்லை. முல்லர் 1842-ல் அதை நிரூபித்தார். ஐரோப்பா வியந்தது. நம் கரையில் சுறாவை அறுத்த பெண்கள் வயிற்றுக்குள் கொடியோடு கிடக்கும் குட்டிகளை எத்தனை தடவை பார்த்திருப்பார்கள்! அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள யாரும் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. இலங்கையைச் சேர்ந்த எவாஞ்சலின் தில்லையம்பலம் லக்னோவில் ஈசபெல்லா தோபர்ன் கல்லூரியில் கற்பித்தவர். இந்தியக் கடல்களின் சாதாரணச் சுறாவான ஸ்கோலியோடானைப் பற்றி அவர் எழுதிய நூல் 1928-ல் வெளியாயிற்று. சோரக்கோவா என்ற பெயரைத் தாங்கியிருந்தது இந்த ஸ்கோலியோடான்தான். முழு வளர்ச்சி அடைந்தாலும் முக்கால் மீட்டரை எட்டாத மீன். பல தலைமுறை விலங்கியல் மாணவர்கள் மேஜைமேல் வைத்து அறுத்துப் படித்த சுறா இதுவே. அதன் முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். மீதி ஊட்டமெல்லாம் தாயிடமிருந்து கொடி வழியாக வர வேண்டும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். மற்ற மீன்கள் லட்சக்கணக்கில் முட்டையிடுகின்றன. சுறா அப்படிப் பெருகுவதில்லை. பால் சுறா சுமார் ஒரு வருஷம் சுமந்து, சாதாரணமாக இரண்டு முதல் ஐந்து குட்டி போடுகிறது. ஒரு தாயை எடுத்தால் அந்த வருஷத்து வம்சமே போயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் காட் மீன் எண்ணெய் வரத்து நின்றபோது, 1940-ஐ ஒட்டிச் சென்னை ராஜதானி அரசாங்கம் கோழிக்கோட்டில் சுறாவின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்க ஆரம்பித்தது. பிறகு செதிலுக்காக வெளிநாட்டு வியாபாரம் வளர்ந்தது. கரைவலைக்குத் தப்பியது விசைப்படகின் இழுவலையில் அகப்பட்டது.

அரசாங்கம் விழித்துக்கொண்ட விதமும் சரித்திரத்தில் சேர வேண்டியதே. 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனம் முழுவதையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, பிடிக்கக் கூடாது என்றார்கள். கடற்கரை முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. வலை இது சுறா, இது சாளை என்று பார்த்தா பிடிக்கிறது? அதே வருஷம் டிசம்பரில் அட்டவணையைப் பத்து இனங்களாகக் குறைத்தார்கள். 2015-ல் சுறாச் செதில் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

அந்தப் பத்தில் ஒன்றுக்குப் புதுச்சேரிச் சுறா என்று பெயர். அதையும் 1839-ல் வர்ணித்தவர்கள் முல்லரும் ஹென்லெயும்தான். பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டிய சின்னச் சுறா, கரையோர மீன். உலகத்து அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இருபதுக்கும் குறைவான உடல்களே இருக்கின்றன. அது கடைசியாக உறுதியாகப் பதிவானது 1979-ல். அது எத்தனை குட்டி போடும், எங்கே போடும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அது அழிந்துவிட்டதா? இதுதான் கரைக்குத் திரும்பி வந்த கேள்வி. மேலே சாம்பல், கீழே வெள்ளை, பக்கத் துடுப்புகளிலும் இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் வாலின் கீழ்மடலிலும் கறுப்பு முனை. ஏறக்குறைய இதே அடையாளங்கள் சோராவுக்கும் உண்டு. பல்லைப் பார்த்தால்தான் தெரியும். புதுச்சேரிச் சுறாவின் மேல்வரிசைப் பற்களில் அடிப்பக்கத்தில் மட்டும் சிறு கூர்கள் இருக்கும், நுனி வழவழப்பு. ஏலக் கூடையில் நூறு சுறாக்களுக்கு நடுவே கிடந்தால் இதை யார் வாயைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? பத்து நிமிஷத்தில் தலை வேறு, உடல் வேறு. எல்லாம் சுறா என்ற ஒரே பெயரில் எடைபோடப்பட்டுவிடும்.

சட்டப் புத்தகத்தில் இருப்பது லத்தீன் பெயர். மீன் வந்து விழுவது லத்தீன் தெரியாதவர் கையில். ரஸ்ஸல் செய்த காரியத்தை இன்று மறுபக்கமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அவர் கரைக்காரர்களிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். நாம் அந்த மீனின் அடையாளத்தை, படத்தோடும் தமிழ்ப் பெயரோடும், கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஏலக் கூடத்துச் சுவரில் ஒரு படம் தொங்கினால் போதும், நல்ல ஆரம்பம்.

மடியில் உயிரோடு அப்படி ஒன்று வந்தால் செய்ய வேண்டியதும் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நீருக்கு வெளியே சுறாவின் குடலையும் ஈரலையும் தாங்க விலா எலும்பு கிடையாது. வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் உள்ளே எல்லாம் நைந்துவிடும். கையை நனைத்துக்கொண்டு, ஒரு கையால் வாலடியையும் ஒரு கையால் நெஞ்சுப்புறத்தையும் தாங்கி, கைபேசியில் ஒரு படம் எடுத்து, அலை தாண்டிய தண்ணீரில் விட்டுவிட வேண்டும். படத்தை மீன்வளத் துறைக்கோ மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கோ அனுப்பினால், 1979-க்குப் பிறகு எழுதப்படாமல் நிற்கிற வரியை எழுதியவர் கரைவலை இழுத்த ஒருவராக இருப்பார். இந்தத் தடவை அவர் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.