செவிலிய மாணவர் போதைப்பொருள் சோதனை (அமெரிக்கா)

அமெரிக்காவில் செவிலியம் படிப்போர் மருத்துவமனைப் பயிற்சியில் சேருமுன் பெரும்பாலும் கொடுக்கவேண்டிய சிறுநீர்ச் சோதனை. பல இடங்களில் இதை வற்புறுத்துவது பயிற்சிக்கு இடம் தரும் மருத்துவமனையே. கல்லூரி அதற்குக் கட்டுப்படுகிறது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, காசநோய்ச் சோதனை, குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவையும் வழக்கமாக உடன்வரும்.

கூட்டாட்சி அரசின் பணியிடச் சோதனை முறையில், மாதிரி கைக்கு வந்த 4 நிமிடத்துக்குள் அதன் வெப்பநிலை பார்க்கப்படும். 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இல்லையென்றால் சந்தேகம்தான். முத்திரையிட்ட குப்பியில் கொடுத்தவரும் தம் பெயரின் முதலெழுத்துகளை இடுவார். முதற்சோதனையில் சிக்கிய மாதிரி நுட்பமான வேறொரு முறையில் மறுபடி சோதிக்கப்படும். அதன்பிறகு, மருந்துச்சீட்டு உண்டா என்று மருத்துவர் ஒருவர் விசாரிப்பார். கசகசா தூவிய ரொட்டி தின்றவரும் மாட்டியதால், 1998இல் ஓபியம் வகைக்கான வரம்பு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தப்பட்டது.

கஞ்சாதான் தீராத வழக்கு. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தைக் காட்டிப் பல கல்லூரிகள் மறுக்கின்றன. விடுமுறையில் புகைத்தவருக்கும் பணிநேரத்தில் மயங்கியிருப்பவருக்கும் இச்சோதனை வேறுபாடு காண்பதில்லை. உடற்குறை உள்ள மாணவருக்கு 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி நியாயமான வசதிகள் தரவேண்டும். சட்டவிரோதப் போதைப்பொருளை இப்போதும் பயன்படுத்துவோருக்கு, அதைக் காரணமாக வைத்து நடவடிக்கை எடுக்கும்போது, அச்சட்டம் பாதுகாப்பு அளிப்பதில்லை.