டீசல் வாடை இல்லாத படகுப் பயணம்... மின்சாரப் படகுக்கு மாறினால் என்ன லாபம், என்ன சிக்கல்?

படகு சவாரி போயிருக்கீங்களா? காற்றும் தண்ணீரும் எவ்வளவு சூப்பராக இருந்தாலும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் வரும் டீசல் வாடையும் சத்தமும் பாதி மூடைக் கெடுத்துவிடும். இது ரெண்டும் இல்லாமல் போக ஆசையா? அதற்கு ஒரு நல்ல உதாரணம் கேரளாவின் வைக்கத்தில் இருக்கிறது. ஆமாம், பெரியார் போராடிய அதே வைக்கம்தான்.

அங்கிருந்து வேம்பநாட்டு ஏரியைக் கடந்து தவணக்கடவுக்குப் போக, 2017 ஜனவரியில் 'ஆதித்யா' ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு இது. 75 பேர் உட்காரலாம். கூரையில் சோலார் பேனல், உள்ளே லித்தியம் பேட்டரி. வெயில் போதாவிட்டால் கரையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோவும் பேட்டரிப் படகுகளோடு வந்துவிட்டது.

என்ன லாபம்?

படகிலிருந்து புகை வராது. டீசல் கசிந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்காது. இன்ஜின் இரைச்சல் குறைவதால் உங்களுக்கு மட்டுமல்ல, மீன்களுக்கும் நிம்மதி. வாங்கும் விலை அதிகம்தான், ஆனால் தினசரி எரிபொருள் செலவு வெகுவாகக் குறையும்.

அப்போ எல்லாப் படகையும் மாற்றிடலாமா?

அங்கேதான் சிக்கல். ஒரு கிலோ டீசலில் சுமார் 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பேட்டரியில் கால் யூனிட்கூடத் தேறாது. மின்மோட்டார் ஆற்றலை அதிகம் வீணாக்காது என்பது உண்மைதான். ஆனாலும் இந்த இடைவெளி ரொம்பப் பெரிது. நாள்கணக்கில் கடலில் தங்கும் மீன்பிடிப் படகில் அவ்வளவு பேட்டரியை ஏற்றினால், மீனுக்கு எங்கே இடம்?

வேகமும் ஒரு பிரச்னை. தண்ணீரில் வேகத்தை இரண்டு மடங்காக்க, சுமார் எட்டு மடங்கு சக்தி தேவைப்படலாம். அதனால்தான் பேட்டரிப் படகுகள் பெரும்பாலும் நிதானமாகவே போகின்றன.

அடுத்து சார்ஜிங். 2015-ல் நார்வேயில் 'ஆம்பியர்' என்ற மின்சாரப் படகு, கார்களையும் ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கரைக்கு வந்து நிற்கும் சுமார் 10 நிமிடத்தில் சார்ஜ் ஏற வேண்டும். அந்தச் சின்ன ஊர்களின் மின்கம்பிகள் அதைத் தாங்காது. அதனால் இரண்டு கரையிலும் தனியாகப் பேட்டரி வைத்தார்கள். அதாவது, படகு வாங்கினால் மட்டும் போதாது. படகுத்துறையையும் மாற்ற வேண்டும்.

கடைசியாக, அந்தக் கரன்ட் எங்கிருந்து வருகிறது? நார்வேயில் பெரும்பாலும் நீர்மின்சாரம். நம் நாட்டில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரிதான். ஏரியில் வராத புகை, அனல்மின் நிலையத்தில் வரும். ஆயுள் முடிந்த பேட்டரியையும் முறையாக மறுசுழற்சி செய்தாக வேண்டும்.

ஆக, குறைந்த தூரம், ஒரே ரூட், நிதானமான வேகம் என்றால் மின்சாரப் படகு செம சாய்ஸ். ஆழ்கடலுக்குப் போகும் மீனவரிடம் 'நீங்க ஏன் மாறலை?' என்று கேட்பது நியாயமில்லை. அடுத்த முறை 'மாசே இல்லாத படகு' என்று போர்டு பார்த்தால், மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு தூரம் போகும், எங்கே சார்ஜ் ஏறும், அது எந்தக் கரன்ட்?