களிமண் சொன்ன தீர்ப்பு

பிளஸ் டூவிலும் பிறகு நம் கல்லூரியிலும் 'அரை எம் வி ஸ்கொயர்' என்று நூறு தடவையாவது எழுதியிருப்போம். "வி-க்கு மட்டும் ஏன் சார் ஸ்கொயர்?" என்று எழுந்து கேட்டவர்கள் எத்தனை பேர்? அந்த ஸ்கொயருக்காக ஐரோப்பாவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் கட்சி கட்டிச் சண்டை நடந்திருக்கிறது!

ஓடுகிற பொருளின் வலு என்பது நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது என்றார் பிரெஞ்சு அறிஞர் தெகார்த். இல்லை, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்று 1686-இல் மறுத்தார் ஜெர்மனியின் லைப்னிட்ஸ். நியூட்டன் பக்கத்து ஆட்கள் லைப்னிட்ஸை ஏற்கவில்லை.

1722-இல் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிராவ்சாண்டே பித்தளை உருண்டைகளை மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். உருண்டைகள் ஒரே பருமன், எடைதான் வேறு. கனமானதில் பாதி எடையுள்ள உருண்டையை இரண்டு மடங்கு உயரத்திலிருந்து விட்டால் பள்ளம் அச்சு அசலாக ஒன்றே. தெகார்த் கணக்குப்படி நாலு மடங்கு உயரம் அல்லவா வேண்டும்? அதுவரை நியூட்டன் கட்சியில் இருந்த மனிதர், களிமண் சொன்னதைக் கேட்டுக் கட்சி மாறினார். நம் காலத்துக் கட்சி மாறல் மாதிரி இல்லை இது!

இந்தச் சோதனையை எடுத்துச் சொல்லி வாதாடியவர் ஒரு பெண்மணி, எமிலி து ஷாத்லே. அவருடைய இயற்பியல் நூல் 1740-இல் பாரிஸில் வெளியானது. அதில் அவர் குறை சொன்னது மெரான் என்பவரை. அவர் பாரிஸ் அறிவியல் கழகச் செயலாளர். பெண்களுக்கோ அங்கே உறுப்பினராக இடமே கிடையாது. 1741-இல் மெரான் மறுப்பு எழுதினார். அம்மையார் விடவில்லை, அதே வருஷம் பதிலையும் அச்சேற்றிவிட்டார். நியூட்டனின் 'பிரின்சிப்பியா'வைப் பிரெஞ்சில் பெயர்த்தவரும் இவரே. நிறைமாதத்திலும் ராத்திரி பகலாக உட்கார்ந்து அதை முடித்தார். 1749-இல் பிரசவமான சில நாளில் இறந்தார். வயது 42. முழு நூல் வெளிவந்தது 1759-இல்.

யார் சொன்னது சரி? இரண்டுமே வேண்டியவை. ஓடுகிற பஸ்ஸை ஒரே அழுத்தத்தில் பிரேக் பிடித்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் போனதைவிட 80-இல் போனது நிற்க இரு மடங்கு நேரம் எடுக்கும். இது உந்தக் கணக்கு. ஆனால் நிற்பதற்குள் ஓடும் தூரம் நாலு மடங்கு! இது ஆற்றல் கணக்கு. குறுக்கே வந்த சைக்கிள்காரருக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் முக்கியம்.

'எனர்ஜி' என்ற பெயரை இதற்குச் சூட்டியவர் இங்கிலாந்தின் தாமஸ் யங், 1807-இல். பரீட்சை ஹாலில் பலரும் விட்டுவிடும் அந்த 'அரை', 1829-இல் கொரியோலிஸ் சேர்த்தது.