பாறு வழக்கு – 4: முப்பது மில்லி பாட்டில்

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். அந்தப் பறவைகளின் சிறுநீரகத்தைக் கொன்றது எது?

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் மரத்தடியில் செத்துக் கிடந்த பாறு கழுகுகளை அறுத்துப் பார்த்தபோது, ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? சிறுநீரகம் நின்றுபோனால் யூரிக் அமிலம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் ஏறும். பிறகு உள்ளுறுப்புகளின் மேல் படியும். அதுதான் அந்தப் படலம். சோதித்த 259 பறவைகளில் 219 பறவைகளுக்கு இதே கதி. கிருமியைத் தேடினார்கள், அகப்படவில்லை. பூச்சிமருந்து, ஈயம், பாதரசம் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள், அவையும் காரணமில்லை என்று ஆயிற்று.

ஆராய்ச்சியை நடத்தியவர் லிண்ட்சே ஓக்ஸ். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த கால்நடை மருத்துவ விஞ்ஞானி. நுண்கருவிகள் எல்லாம் கைவிட்ட பிறகு அவர் மிக எளிய ஒரு கேள்விக்குத் திரும்பினார். பாறு எதைத் தின்கிறது? செத்த மாட்டைத் தின்கிறது. அப்படியானால் அந்த மாட்டுக்குள் என்ன இருந்தது?

அவருடைய குழு பாகிஸ்தானில் கால்நடை மருத்துவர்களையும் மருந்துக்கடைக்காரர்களையும் போய்க் கேட்டது. மாடுகளுக்கு என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள்? அவற்றில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது எது? சமீப காலத்தில் புதிதாக வந்தது எது? மூன்று கேள்விக்கும் ஒரே பெயர் விடையாக வந்தது.

டைக்ளோஃபினாக்.

படித்துக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டு அலமாரியிலும் அது இருக்கலாம். மூட்டுவலிக்கு மாத்திரை, முதுகுவலிக்குக் களிம்பு, தாங்க முடியாத வலிக்கு ஊசி. 1970களில் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று மனிதர்களுக்காகக் கண்டுபிடித்த வலிநிவாரணி. 1990களில் அது இந்தத் துணைக்கண்டத்தில் மாட்டு ஊசியாகவும் மலிவாக வந்து சேர்ந்தது. காய்ச்சலுக்குப் போட்டார்கள், மடிவீக்கத்துக்குப் போட்டார்கள், கால் நொண்டினால் போட்டார்கள். படுத்த மாடு எழுந்து நின்றது. கறவை நின்ற மாடு பால் கொடுத்தது. அந்த மருந்தை ஏன் ஒருவர் சந்தேகப்பட வேண்டும்?

ஓக்ஸ் சந்தேகப்பட்டார். வெள்ளைப் படலத்தோடு செத்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைச் சோதித்தார். இருபத்தைந்திலும் டைக்ளோஃபினாக் இருந்தது. படலம் இல்லாமல் வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளைச் சோதித்தார். ஒன்றில்கூட இல்லை. அதோடு அவர் நின்றுவிடவில்லை. அடிபட்டு இனிப் பறக்கவே முடியாத சில பாறுகளுக்கு, இந்த ஊசி போடப்பட்ட எருமை, ஆட்டின் இறைச்சி கொடுக்கப்பட்டது. தின்றவை செத்தன. அறுத்துப் பார்த்தால் அதே வெள்ளைப் படலம்.

2003 மே மாதம், ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் வேட்டைப் பறவைகள் பற்றிய உலக மாநாடு. அங்கே இந்த முடிவு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரையாக வெளிவந்தது. ஒரு கண்டத்தின் பறவை இனம் ஒரு மருந்தால் சரிகிறது என்பதற்கு அப்படியொரு சான்றை உலகம் அதுவரை கண்டதில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த வழக்கில் என்னை மிகவும் உலுக்குவது இந்த இடம்தான்.

இந்த அழிவைச் செய்தவர் எவரும் மாட்டை வதைத்தவர் இல்லை. மாட்டின் வலியைப் பார்க்கப் பொறுக்காதவர்கள் செய்தது இது. இந்தியாவின் பெரும்பகுதியில் கிழட்டு மாட்டை வெட்டுவதில்லை. கடைசிவரை வைத்துப் பார்ப்பார்கள். கடைசி நாட்களில் அது எழ முடியாமல் கிடக்கும்போது மாட்டு டாக்டரையோ ஊசி போடத் தெரிந்தவரையோ கூட்டிவந்து வலிக்கு ஊசி போடுவார்கள். செத்த பிறகு ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுவார்கள். மருந்து உயிருள்ள மாட்டின் உடம்பிலிருந்து சில நாட்களில் வெளியேறிவிடும். பிழைத்த மாட்டால் யாருக்கும் ஆபத்தில்லை. ஊசி போட்டும் பிழைக்காமல், ஓரிரு நாளில் செத்த மாடுதான் நஞ்சு. அந்த மாடுதான் நேராகப் பாறுகளின் பந்திக்குப் போனது.

அப்படிப்பட்ட மாடுகள் எத்தனை இருந்துவிடும் என்று தோன்றலாம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரீஸ் கிரீனும் அவருடைய சகாக்களும் 2004இல் இதைக் கணக்கிட்டார்கள். விடை பயங்கரமாக இருந்தது. கொல்லும் அளவு மருந்து 760 சடலங்களில் ஒன்றில் இருந்தாலே போதும். மிக அதிகமாகப் பார்த்தாலும் 130இல் ஒன்று. இனம் சரிந்த வேகத்தை விளக்க அதற்கு மேல் தேவையில்லை. ஒரு சடலத்தைச் சுற்றி ஒரே நேரத்தில் பல பத்துப் பறவைகள் உட்காரும். ஒரு பறவை சில நாட்களுக்கு ஒருமுறை தின்றாலும் ஆண்டு முழுவதும் எத்தனை பந்தி! ஒன்றில் நஞ்சு இருந்தால் முடிந்தது. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஏறக்குறைய ஐந்தாண்டு பிடிக்கும். போன இடத்தை நிரப்ப அதற்குத் தெரியாது.

அப்படியானால் இந்தியாவில் உண்மையில் எத்தனை சடலங்களில் மருந்து இருந்தது? 2004, 2005ஆம் ஆண்டுகளில் 1,800க்கும் மேற்பட்ட சடலங்களிலிருந்து ஈரல் எடுத்துச் சோதித்தார்கள்.

பத்தில் ஒன்றில் இருந்தது.

இப்போது கதை டெல்லிக்குப் போகிறது. குற்றவாளி பிடிபட்டாயிற்று, இனித் தடை போட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் நம் அரசாங்கம் கட்டப்பட்டிருக்கும் விதம் குறுக்கே நின்றது.

பாறு கழுகு சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. ஒருவன் துப்பாக்கியால் ஒரு பாறுவைச் சுட்டால் வனத்துறை அவனைப் பிடிக்கலாம். மாடு அப்போது வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பு, மாநிலங்களில் கால்நடை பராமரிப்புத் துறையின் பொறுப்பு. மருந்தோ சுகாதார அமைச்சகத்திடம். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்படி, மாட்டு மருந்தானாலும் உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் மருந்துக் கட்டுப்பாட்டாளர்தான். ஊசி ஒரு வாசலில், மாடு இன்னொரு வாசலில், பறவை மூன்றாவது வாசலில். மாட்டுக்கு ஒரு மருந்து வந்தபோது அது மாட்டைக் குணப்படுத்துகிறதா என்று பார்த்தார்கள். அந்த மாடு செத்தால் அதைத் தின்பவர் கதி என்ன என்று கேட்கும் பொறுப்பு எந்த வாசலிலும் வைக்கப்படவில்லை. காடும் தொழுவமும் மருந்துக்கடையும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது பாறு செத்த பிறகுதான் கோப்புக்குள் வந்தது.

2005 மார்ச் 17. பிரதமர் மன்மோகன் சிங் தலைமையில் தேசிய வனவிலங்கு வாரியம் கூடியது. கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை ஆறு மாதத்துக்குள் படிப்படியாக நிறுத்துவது என்று அறிவிக்கப்பட்டது.

ஆறு மாதம் போயிற்று. தடை வரவில்லை.

காரணம் முழுக்கச் சோம்பல் என்று சொன்னால் அது நியாயமாகாது. மாட்டின் வலிக்கு மாற்று மருந்து எது என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. வலியில் கிடக்கும் மாட்டுக்கு இனி ஒன்றும் கொடுக்காதே என்று எந்த அரசாலும் விவசாயியிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். டைக்ளோஃபினாக் கள்ளத்தனமாகக் கைமாறியிருக்கும்.

அந்த மாற்று மருந்தைத் தேடிய கதையை எவ்வளவு விவரமாகச் சொன்னாலும் தகும். விஞ்ஞானிகள் உலகெங்கும் உள்ள விலங்குக் காட்சிசாலைகளுக்கு எழுதினார்கள். உங்களிடம் உள்ள பாறுகளுக்கும் மற்றப் பெரிய பறவைகளுக்கும் எந்த வலிமருந்தைக் கொடுத்தீர்கள்? கொடுத்த பிறகு பறவை பிழைத்ததா? பல இனப் பறவைகளின் சிகிச்சை விவரம் கிடைத்தது. அதில் ஒரு மருந்து, அறுபது இனங்களைச் சேர்ந்த எழுநூறுக்கும் மேற்பட்ட பறவைகளுக்குக் கொடுக்கப்பட்டும் ஒன்றையும் கொல்லாமல் தனித்து நின்றது. மெலாக்சிகாம். அதற்குக் காப்புரிமைச் சிக்கலும் இல்லை, இந்திய நிறுவனங்களே செய்யலாம்.

ஆனால் காகிதத்தில் இருப்பது போதாது, பாறுவுக்கே கொடுத்துப் பார்க்க வேண்டும். தவறாகப் போனால்? அழிந்துகொண்டிருக்கும் இனத்தில் ஒரு பறவையைக்கூட இழக்க முடியாது. அதனால் சோதனை முதலில் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஜெர்ரி ஸ்வானும் அவருடைய குழுவும், அப்போது எண்ணிக்கையில் அதிகமாக இருந்த ஆப்பிரிக்கப் பாறுவுக்குச் சிறிய அளவில் தொடங்கிப் பெரிய அளவுவரை கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகே ஹரியானாவின் பிஞ்சோரில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாறு மையத்தில் இருந்த நம் பறவைகளுக்குக் கொடுக்கப்பட்டது. பரத்பூர் மரங்களில் கழுத்துத் தொங்கிய பறவைகளை முதலில் கவனித்துச் சொன்ன விபு பிரகாஷை இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்தோமே, அவர் வளர்த்துக் காத்த பறவைகள் அவை. அவையும் பிழைத்தன. 2006 ஜனவரியில் முடிவு வெளியானது.

நான்கு மாதம் கழித்து, 2006 மே 11 அன்று, இந்தியத் தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளரிடமிருந்து மாநிலங்களுக்கு உத்தரவு போனது. கால்நடைக்கான டைக்ளோஃபினாக் தயாரிக்கும் உரிமங்களை மூன்று மாதத்துக்குள் திரும்பப் பெறுங்கள். நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டில் தடை செய்தன. 2008 ஜூலையில் இந்திய அரசிதழ் அறிவிப்பும் வந்தது.

ஆறு மாதம் என்று சொன்னது பதினான்கு மாதமாகியிருந்தது. அதற்குள் எவ்வளவு போய்விட்டது தெரியுமா? 2007இல் எடுத்த கணக்கெடுப்பு சொன்னது இது: 1992இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் பறந்த வானத்தில் அப்போது ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. பாறு போன இடத்தில் தெருநாய் பெருகியது. அழுகிய சடலம் தண்ணீரில் கலந்தது. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் மட்டும் பாறுகளின் மறைவால் கூடுதலாக ஏறக்குறைய ஐந்து லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கட்டுரை மதிப்பிடுகிறது. அந்த மனிதர்களுடைய கணக்கை இந்தத் தொடரில் தனி அத்தியாயமாக எழுதுவேன்.

சரி, தடை வந்துவிட்டது. மாட்டு டைக்ளோஃபினாக் கடைகளிலிருந்து மறைந்துவிடும். மெலாக்சிகாம் கையில் இருக்கிறது. பாறு பிழைத்துவிடும். அப்படித்தான் பலரும் நம்பினார்கள்.

2007க்கும் 2010க்கும் இடையில் ஆய்வாளர்கள் சிலர் பதினோரு மாநிலங்களில் 250க்கும் மேற்பட்ட மருந்துக்கடைகளுக்கு வாடிக்கையாளரைப்போலப் போனார்கள். மாட்டுக்கு வலி, ஊசி மருந்து வேண்டும் என்று கேட்டார்கள். நூற்றுக்கு முப்பத்தாறு கடைகளில் கைக்கு வந்தது டைக்ளோஃபினாக்.

சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அதில் மாட்டுப் படம் இல்லை. அது மனிதர்களுக்கான மருந்து. சட்டப்படி செய்தது, சட்டப்படி விற்பது. தடை மாட்டு மருந்துக்குத்தான், மனித மருந்துக்கு இல்லை. ஆனால் பாட்டிலின் அளவைப் பாருங்கள். ஒரு மனிதனுக்கு ஒருமுறை போடும் ஊசி 3 மில்லி லிட்டர். கடையில் தாராளமாகக் கிடைத்த பாட்டில் 30 மில்லி லிட்டர். பத்து மனிதர்களுக்குப் போடும் மருந்தை ஒரே பாட்டிலில் அடைத்தால் அது யாருக்காக? மனிதனைவிடப் பல மடங்கு எடையுள்ள ஒரு நோயாளிக்காக என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க எட்டாண்டு ஆயிற்று என்பதை மன்னிக்க முடியவில்லை. மாற்று மருந்து கையில் இல்லாத 2005இன் தாமதத்தைப் புரிந்துகொள்ளலாம். இந்தத் தாமதத்துக்கு அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதிக் கேட்டார்கள், அறிக்கை கொடுத்தார்கள், கருத்தரங்கு வைத்தார்கள். 2015 ஜூலை 17 அன்றுதான் சுகாதார அமைச்சகம் அரசிதழில் அறிவித்தது. மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசி இனி 3 மில்லி லிட்டர் ஒற்றை வேளைக் குப்பியில் மட்டுமே வர வேண்டும். மருந்து தடைபடவில்லை. முதுகுவலிக்காரருக்கு ஊசி கிடைக்கும். மாட்டுக்குப் போட வேண்டுமானால் ஒவ்வொரு குப்பியாக உடைத்துக்கொண்டிருக்க வேண்டும், செலவும் ஏறும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த நாட்களில், நீலகிரியின் அடிவாரத்தில், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஓடும் மாயாற்றின் கரையில், நீர்மத்தி மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டில் அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க மிஞ்சியிருந்த இடம் அதுதான். மலையோரக் கிராமங்களில் செத்த மாடு எதையும் அவை இரையாகக் கொள்ளும். அந்த மாட்டின் உடம்பில் என்ன மருந்து இருக்கிறது என்பதில்தான் அவற்றின் உயிர் இருந்தது.

மூன்று மில்லி உத்தரவு செல்லாது என்று அறிவிக்கக் கோரி மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. மனிதருக்கான ஒரு மருந்தின் பாட்டில் அளவை ஒரு பறவைக்காக அரசு சுருக்கலாமா? நாட்டில் இத்தனை நீதிமன்றங்கள் இருக்க, அந்தக் கேள்வி வந்து நின்றது மாயாற்றுப் பாறுகளின் மாநிலத்திலேயே, சென்னை உயர் நீதிமன்றத்தில்.

2017 அக்டோபரில் தீர்ப்பு வந்தது.

(தொடரும்)