தொண்டைக்குள் பழுக்கும் கட்டி

கட்டியைப் பற்றித் தமிழ் பேசும்போது ஒரு கனியைப் பற்றிப் பேசுவது போலவே பேசுகிறது. கட்டி பழுக்கும், பழுத்தால் உடையும், பழுக்கத் தாமதித்தால் பற்றுப் போட்டுப் பழுக்க வைப்பார்கள். ஒரு முழு அறுவை மருத்துவக் கொள்கையே இந்தச் சொல்லாட்சிக்குள் அடங்கிக் கிடக்கிறது. தொடையிலும் தோளிலும் வரும் கட்டிக்கு அது பெரும்பாலும் பொருந்தவும் செய்கிறது. தொண்டைக்குள் வரும் கட்டியிடம்தான் அது திணறுகிறது. அங்கே பழுத்திருக்கிறதா என்பதைக் கண்டறிவது அரிது. பழுக்கட்டும் என்று காத்திருக்கவோ மூச்சுக்குழல் இடம் கொடுப்பதில்லை.

இந்தச் சிக்கலை முதலில் எழுத்தில் வைத்தவர்களுள் ஒருவர் சுசுருதர். சுசுருத சம்ஹிதையின் சூத்திரத்தானத்தில், பதினேழாம் அத்தியாயத்தில், வீக்கத்துக்கு மூன்று நிலைகள் சொல்லப்படுகின்றன: பச்சை, பழுத்துக்கொண்டிருப்பது, பழுத்தது. அறியாமையால் பச்சையை அறுப்பவனையும், பழுத்ததை அறுக்காமல் விட்டுவிடுபவனையும் அந்நூல் ஒரே தட்டில் வைத்துக் கடிகிறது. அதைவிட வியப்பூட்டுவது அதே அத்தியாயத்தில் வரும் மற்றோர் எச்சரிக்கை. ஆழத்தில் இருக்கும் வீக்கங்களில் பழுத்ததன் அறிகுறிகள் முழுமையாக வெளிப்படா. ஆகவே மருத்துவன் பழுத்ததைப் பழுக்காதது என்று எண்ணி மயங்குவான் என்கிறது. கழுத்தின் ஆழத்தில் சீழ் கோக்கும் நோயாளியை இன்று பார்க்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

தொண்டை நோய்களின் வரிசையில் 'கலவித்ரதி' என்று ஒன்றை அந்நூல் தனியே பெயரிட்டுக் குறிக்கிறது. கலம் என்றால் தொண்டை, வித்ரதி என்றால் சீழ்க்கட்டி. சிகிச்சைப் பகுதியில் அதற்கான விதி மிகச் சுருக்கம்: நன்கு பழுத்திருந்து, மர்மத்தானத்தில் இல்லாதிருந்தால் கீறித் திறக்கவேண்டும். மர்மம் என்பதைத்தான் நம் ஆசான்கள் வர்மம் என்கிறார்கள். கழுத்தின் இருபுறமும் ஓடும் நாளங்களுள் சில, அடிபட்டால் உடனே உயிரைப் போக்குபவை என்று சுசுருதர் கணக்கிட்டு வைத்திருக்கிறார். இன்றைய உடற்கூற்றியலில் அந்த அச்சத்துக்குப் பெயர் உண்டு. அடிநாச்சதை எனப்படும் டான்சிலுக்குப் பின்புறமாகச் சற்று வெளியே தள்ளி, ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் தூரத்தில் மூளைக்குச் செல்லும் பெருந்தமனி ஓடுகிறது. அதனால்தான் கத்தியின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி எஞ்சியதைப் பிளாஸ்திரியால் சுற்றிக்கொள்ளும் வழக்கம் அறுவை அறைகளில் தோன்றியது.

எழுதி வைத்தாயிற்று, ஆனால் துணிந்து அறுத்தவர் எத்தனை பேர்? உலக வரலாறு இதில் பெருமைப்படும்படி இல்லை. கட்டுரை என்ற வடிவத்துக்குப் பெயரிட்ட பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன், 1592 செப்டம்பர் 13 அன்று தம் ஐம்பத்தொன்பதாம் வயதில் தொண்டைக் கட்டியால் இறந்தார். உரையாடலைத் தம் பேரின்பமாகக் கருதியவர், கடைசி நாட்களில் பேச்சிழந்து, விருப்பத்தை எழுதிக்காட்ட நேர்ந்தது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று தொண்டை அடைத்து மாண்டார். அது டான்சிலைச் சுற்றிய சீழ்க்கட்டியா, குரல்வளை மூடியின் அழற்சியா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. பின்னதற்கே ஆதரவு மிகுதி. நமக்கு வேண்டியது வேறு. மூன்று மருத்துவர்கள் சூழ நிற்க, இரண்டு லிட்டருக்கும் மேல் இரத்தம் இறக்கப்பட்டது. அவர்களுள் இளையவரான எலிஷா டிக், மூச்சுக்குழலைத் திறக்கலாம் என்றார். மூத்தவர்கள் இசையவில்லை. சுசுருதரும் சிலவகைத் தொண்டை வீக்கத்துக்கு இரத்தம் இறக்கச் சொன்னவர்தாம். ஆகவே யாரும் யாரையும் பார்த்து நகைப்பதற்கில்லை.

தமிழில் இந்தக் கதை யாழ்ப்பாணத்தின் வழியே தொடர்கிறது. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியில் வெளிவந்த 'இரணவைத்தியம்' என்ற அறுவை மருத்துவ நூலின் ஆண்டு 1867. கிருமி நீக்கி அறுக்கும் முறையைப் பற்றி லிஸ்டர் தம் கட்டுரைகளை வெளியிட்டதும் அதே ஆண்டில். கத்தியைத் தமிழில் கற்றுக்கொடுத்ததும், கத்தியைப் பாதுகாப்பானதாக்கியதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன என்பதை நம் மருத்துவ வரலாறுகள் ஏனோ பேசுவதில்லை. கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நீண்டகாலம் நிலைக்கவில்லை.

செட்டிநாட்டில், பொன்னமராவதியை ஒட்டிய வலையபட்டிப் பக்கம், தொண்டை வீங்கினால் தேனும் சுண்ணாம்பும் குழைத்து வெளியே தடவுவது வழக்கம். சாதாரணத் தொண்டை வலிக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை. உப்பைத் தொட்டுக்கொண்டு விரலை உள்ளே விட்டு உள்நாக்கைத் தூக்கிவிடுவதுதான் அச்சமூட்டுவது. சீழ்க்கட்டி அழுத்தத்தில் உடைந்து மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டான்சிலைச் சுற்றிச் சீழ் கோத்திருப்பதை அறிவது அத்தனை கடினமன்று. சில நாள் தொண்டை வலிக்குப் பிறகு வலி ஒரே பக்கத்தில் குவியும். அந்தப் பக்கத்துக் காதிலும் குத்தும். வாயைத் திறக்க இயலாது. எச்சிலை விழுங்க முடியாமல் வெளியே வடியும். வாய் நிறைய வெற்றிலை போட்டவர் பேசுவதுபோல் குரல் குழறும். விளக்கடித்துப் பார்த்தால் உள்நாக்கு எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். ஊசியால் சீழை உறிஞ்சியோ சிறிதாகக் கீறியோ வெளியேற்றி, ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பாலோர் விரைவில் தேறுவர். சுசுருதர் கேட்ட கேள்விக்கு இங்கே ஊசியே விடை சொல்லிவிடுகிறது.

இன்னும் ஆழத்தில் இருப்பவைதாம் கொடியவை. குழந்தைகளுக்குத் தொண்டையின் பின்சுவரில் கோக்கும் சீழ் கழுத்தைத் திருப்பவிடாது. ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836இல் விவரித்த நோயில், பெரும்பாலும் சொத்தையான கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து கிளம்பிய தொற்று, நாவின் அடித்தளத்தை மரக்கட்டை போலாக்கி நாவையே மேலே தூக்கிவிடும். சர்க்கரை நோயாளிகளிடம் இத்தொற்றுகள் வேகமாகப் பரவும். சில நேரம் நெஞ்சுக்கூடு வரை இறங்கும். இங்கே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். ஆனால் மூச்சு திணறுபவருக்கு ஸ்கேனுக்கு முன்பே சுவாசப் பாதையை உறுதி செய்தாக வேண்டும். வாஷிங்டனின் படுக்கையருகே டிக் சொன்னது அதுதான்.

வலையபட்டியில் பாப்பாயி ஆச்சியின் பெயர் தாங்கிய அரசு மருத்துவமனை உண்டு. மதுரை மருத்துவக் கல்லூரி 1954இலும், சிவகங்கையினது 2012இலும், புதுக்கோட்டையினது 2017இலும் தொடங்கப்பட்டவை. போகும் வழியில் நோயாளியை மல்லாத்திப் படுக்கவைக்காமல் உட்கார்ந்தபடியே கொண்டுசெல்ல வேண்டும். வாய்க்குள் விரலோ கரண்டியோ விடலாகாது. கஞ்சியோ காப்பியோ கொடுத்துப் பார்ப்பதும் ஆகாது.