மரச்சுவரும் மாற்றுச்சட்டையும்

மனிதன் தன் உடலுக்கு ஆடை தேடியதுபோலவே தான் வாழும் வீட்டுக்கும் ஆடை தேடியுள்ளான். வெயிலும் மழையும் பனியும் முதலில் வந்து தாக்குவது வீட்டின் புறச்சுவரையே. ஆகவே, அச்சுவரின் மேலாடை கிழியும்போது அதனைத் தைத்துக்கொள்வதா, களைந்துவிட்டுப் புதியதொன்றைப் பூணுவதா என்னும் வினா எக்காலத்திலும் எழுவதொன்றாகும். இதனை வீட்டுக்காரரின் வசதியையும் விருப்பத்தையும் பொறுத்த தனிப்பட்ட விவகாரமென்றே பலர் கருதுவர். ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் மரச்சுவர்களது வரலாற்றை நோக்குவோர்க்கு இக்கருத்தின் குறைபாடு தெற்றெனப் புலனாகும். அங்கே சுவரைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்பதை வீட்டுக்காரர் தனித்து நின்று தீர்மானிக்கவில்லை. போரும், கடனும், இரசாயன ஆலையும் உடனிருந்து தீர்மானித்தன.

17ஆம் நூற்றாண்டிலே நியூ இங்கிலாந்துப் பகுதியிற் குடியேறிய ஆங்கிலேயர் மரச்சட்டக வீடுகளைக் கட்டினர். மசாசூசெற்ஸ் மாநிலத்து டெடம் நகரில் 1637க்கும் 1641க்கும் இடையிற் கட்டப்பட்ட பெயர்பாங்க்ஸ் குடும்பத்து வீடு, வட அமெரிக்காவில் இன்றும் நிற்கும் அத்தகைய வீடுகளுள் மிகப் பழையதாகும். இவ்வீடுகளின் புறச்சுவரில் நீண்ட மெல்லிய பலகைகளைக் கிடையாக அறைந்தனர். மேற்பலகையின் அடிவிளிம்பு கீழ்ப்பலகையின் தலைவிளிம்பை மூடிநிற்கும். மழைநீர் உள்ளே நுழையாது வழிந்தோடும். ஒவ்வொரு பலகையும் தனித்தனியே அறையப்படுவதனால், உக்கிப்போன ஒன்றைக் கழற்றி அவ்விடத்திற் புதியதொன்றைப் பொருத்துதல் உள்ளூர்த் தச்சனாலே இயலும். சுருங்கக்கூறின், பழுதுபார்த்தல் என்பது அச்சுவரின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது.

இதனைக்கொண்டு பழமையெல்லாம் பொற்காலமென நாம் மயங்கிவிடலாகாது. 19ஆம் நூற்றாண்டில் மரவாலைகளும் இருப்புப்பாதைகளும் பெருகியபோது, மிச்சிகன், விஸ்கொன்சின் மாநிலங்களின் பைன் காடுகள் சில தலைமுறைகளுக்குள் வெட்டி அழிக்கப்பட்டன. அக்காடுகளுக்கு உரியவராயிருந்த பழங்குடியினரின் நிலமும் அவற்றோடு பறிபோயிற்று. மரத்தைக் காத்த வர்ணமும் மாசற்றதன்று. ஆளிவிதை எண்ணெயில் ஈயச் சேர்வையைக் குழைத்தே அதனை ஆக்கினர். உதிர்ந்த வர்ணத்தின் ஈயம் பிள்ளைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சென அறியப்பட்ட பின்னரும், வீட்டு வர்ணத்தில் அதற்கு அங்கே தடைவந்தது 1978இலேதான். பழைய பலகையைச் சுரண்டிப் பழுதுபார்க்கும் தொழிலாளியை அந்த ஈயத்தூசு இன்றும் அச்சுறுத்துகின்றது.

எனினும், மரச்சுவரை மூடிமறைக்கும் பெருவழக்கம் தோன்றியது இவ்வச்சத்தினாலன்று. இரண்டாம் உலகப்போரில் விமானங்களுக்காக அலுமினிய ஆலைகள் பன்மடங்கு விரிவாக்கப்பட்டன. போர் முடிந்ததும் அவ்வளவு உலோகத்தையும் எங்கே விற்பது? வீட்டுச்சுவர் அதற்கு வாய்ப்பான சந்தையாயிற்று. விற்பனைக்குத் துணைநின்றது அரசாங்கத்தின் கடன் திட்டம். 1934ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டத்தின்கீழ், வீட்டைத் திருத்துவதற்கென வழங்கப்படும் கடன்களுக்கு அரசு காப்புறுதி அளித்தது. கடன் திரும்பாவிடினும் வங்கிக்குப் பெருநட்டமில்லை. எனவே, வேலை ஒழுங்காக நடந்ததா என்பதை ஆராய்வதில் வங்கிக்கு அக்கறையும் இல்லை.

இவ்விடைவெளியிலேதான் நாவன்மை மிக்க விற்பனையாளர் நுழைந்தனர். “உங்கள் வீட்டையே இத்தெருவுக்கு மாதிரி வீடாக வைக்கப்போகின்றோம், அதைப் பார்த்து அயலார் வாங்குந்தோறும் உங்களுக்குத் தரகு கிடைக்கும்” என்பது அவர்கள் வழக்கமாகக் கூறிய ஆசைமொழி. வேலை முடியுமுன்னரே, முடிந்ததெனக் கையொப்பம் வாங்கப்பட்டவர் பலர். தரகு வரவில்லை, கடன் மட்டும் எஞ்சியது. 1954இல் அமெரிக்க மூதவையின் குழுவொன்று இம்முறைகேடுகளை விசாரித்தது. இத்தகைய விற்பனையாளரின் வாழ்வை, 1963ஆம் ஆண்டுப் பால்ரிமோர் நகரைக் களமாகக்கொண்டு, 1987இல் வெளிவந்த ‘ரின் மென்’ என்னும் திரைப்படம் நகைச்சுவையாகச் சித்திரித்தது. கடன்பட்டவருக்கு அது நகைச்சுவையாய் இருந்திராது.

இங்கே தொழில்நுட்ப உண்மையொன்றையும் மனங்கொள்ளல் வேண்டும். மரம் உக்குவதற்குக் காரணம் ஈரம். கூரைப்பீலி உடைந்திருக்கலாம், யன்னலோரத்து இடுக்கு திறந்திருக்கலாம், நிலத்தின் ஈரம் அடிப்பலகையிற் பட்டுக்கொண்டிருக்கலாம். அக்காரணத்தைக் களையாது உலோகத்தாலோ பிளாஸ்திக்காலோ மேலே மூடிவிட்டால், நோய் மறைகின்றதேயன்றி மாறுவதில்லை. உள்ளே புகுந்த ஈரம் எளிதில் உலராது. உக்கல் கண்ணுக்குப் புலப்படாது சட்டகம் வரை பரவும். பழுதை முதலில் அறிவிக்கும் சாட்சியையே மூடிவிடுவது எவ்வாறு பழுதுபார்த்தலாகும்?

1950களின் பிற்பகுதியில் அலுமினியத்துக்குப் போட்டியாக வைனில் சுவர்த்தகடு வந்தது. பி.வி.சி. எனப்படும் பிளாஸ்திக்கே இது. மலிவானது, வர்ணம் பூசவேண்டாதது, பராமரிப்பே தேவையற்றது என்று விளம்பரஞ் செய்யப்பட்டது. ஆயின், 1974ஆம் ஆண்டு சனவரியில், கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரிலிருந்த குட்றிச் நிறுவனத்தின் பி.வி.சி. ஆலையிலே தொழிலாளர் சிலர் ஈரலின் குருதிக்கலன்களில் தோன்றும் மிக அரிதான புற்றுநோயால் இறந்துபோன செய்தி வெளியாயிற்று. பிளாஸ்திக்கின் மூலப்பொருளாகிய வைனில் குளோரைட்டு வாயுவே காரணம். இத்தாலிய ஆய்வாளர் மல்ரோனி இவ்வாயு விலங்குகளுக்குப் புற்றுநோய் விளைப்பதை அதற்கு முன்னரே கண்டிருந்தார், அம்முடிவுகள் தொழிலதிபர்களுக்கும் எட்டியிருந்தன, தொழிலாளருக்கு எட்டவில்லை. அதன்பின், ஆலைக் காற்றிற் பத்து இலட்சத்தில் 500 பங்குவரை அனுமதிக்கப்பட்டிருந்த வாயு, 1 பங்காகக் குறைக்கப்பட்டது. தொழிலே அழிந்துவிடுமென்று ஆலைமுதலாளிகள் அலறினர். தொழில் அழியவில்லை, முன்னரினும் பெருகிற்று. அப்படியாயின், அவ்வுயிர்களைக் காத்திருத்தலும் இயன்றதே என்பது வெளிப்படை.

பராமரிப்பு தேவையற்ற பொருளென்று ஒன்று உலகில் உண்டா? வீட்டுக்காரர் சில ஆண்டுகளுக்கொருமுறை தூரிகை பிடிக்கும் உழைப்பு ஒழிந்ததென்னவோ மெய்தான். ஆனால், அவ்வுழைப்பின் சுமை ஆலைத்தொழிலாளியின் ஈரலுக்கும், ஆலையைச் சூழ வாழ்வோரின் காற்றுக்கும் நீருக்கும் இடம்மாறியது. 2023 பெப்ரவரி 3ஆந் திகதி ஓகையோ மாநிலத்து ஈஸ்ற் பலஸ்ரைன் என்னும் சிற்றூரிலே சரக்குப் புகையிரதமொன்று தடம்புரண்டது. மூன்று நாள்களின் பின்னர், அதன் ஐந்து தாங்கிகளிலிருந்த வைனில் குளோரைட்டைத் திறந்துவிட்டு எரித்தனர். கரும்புகை ஊரை மூடியது. அவ்வாறு எரித்திருக்கவே வேண்டியதில்லையென 2024இல் அரசாங்க விசாரணைச் சபை முடிவுசெய்தது.

2002இல் வெளிவந்த ‘புளூ வைனில்’ என்னும் விவரணப்படம் இவ்வினாவை நேராகவே எழுப்பிற்று. ஜூடித் ஹெல்ஃபாண்ட் என்பாரின் பெற்றோர் லோங் ஐலண்டிலுள்ள தம் வீட்டின் உக்கிய மரப்பலகைகளை நீக்கி, நீல வைனில் பொருத்தினர். மகள் அத்தகட்டின் பிறப்பிடத்தைத் தேடிச்சென்றார். ஈற்றில் அதனைக் கழற்றி, பழைய கட்டடங்களிலிருந்து மீட்ட மரத்தைப் பொருத்தச் செய்தார். ஆனால், அதற்கான செலவோ வைனிலுக்கானதினும் பன்மடங்கு. நல்லதைத் தெரிவுசெய்யும் உரிமை பணமுடையோர்க்கு மட்டும் வாய்க்குமாயின், அது எவ்வாறு உரிமையாகும்?

இது கடலுக்கப்பாலுள்ள கதையென ஒதுக்கிவிடவும் முடியாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கச் சுவர்களை மூடிய மற்றொரு பொருள் அஸ்பெஸ்ரஸ் சீமெந்துத் தகடு. நம் நாட்டில் அது கூரையாயிற்று. அஸ்பெஸ்ரஸ் இறக்குமதியை 2018 சனவரியிலிருந்து நிறுத்த இலங்கை அரசு முடிவுசெய்தபோது, அதனை ஏற்றுமதி செய்யும் உருசியா, 2017 டிசம்பரில், வண்டொன்றைக் காரணங்காட்டி நம் தேயிலையை வாங்க மறுத்தது. தடை ஒத்திவைக்கப்பட்டது. நம் தலைக்குமேல் எது இருக்கவேண்டுமென்பதைத் தீர்மானித்தவர் யாரென்பதை இதனின் வேறாக விளக்கவேண்டுமோ?

பழைய கட்டடங்களைப் பேணுவதற்காக அமெரிக்க உள்நாட்டுத் திணைக்களம் 1970களில் வகுத்த நெறி எளிமையானது: இயன்றவரை பழுதுபாருங்கள், இயலாத பகுதியை மட்டும், முன்னையதை ஒத்த பொருளால் மாற்றுங்கள். ஒரு பலகை உக்கினால் ஒரு பலகையை மாற்றுக. ஈரம் வந்த வழியை அடைத்தபின்னரே மாற்றுக. சட்டகமே நைந்துவிட்டதாயின் தயங்காது பிரித்துக்கட்டுக. ஆனால், நினைவுச் சின்னங்களுக்குக் கிடைக்கும் இந்நெறி உழைப்பாளர் வீடுகளுக்குக் கிடைக்கவேண்டுமாயின், பழுதுபார்க்கும் கைவினைக்கு மதிப்பும் கூலியும் வேண்டும். வட்டி உறிஞ்சாத கடன் வேண்டும். தான் ஆக்கும் பொருளின் நஞ்சை அறியும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். ஒரு பொருள் மலிவென்று கூறப்படும்போது, எஞ்சிய விலையைச் செலுத்துபவர் எவரென்று கேட்கப் பழகுவோமாக.