பெயரும் மனையும்

இணையத்தில் தமக்கென ஒரு தளம் அமைக்க விழைவோர், பெயர்ப்பதிவின் வரலாற்றை அறிதல் நன்று.

1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இணையப் பெயர்முறையை வகுத்தார். 1985 மார்ச் 15-இல் 'சிம்பாலிக்ஸ்.காம்' முதல் டாட்காம் பெயராகப் பதிவாயிற்று. 1995-இல், அப்பெயர்களுக்கு ஒரே பதிவாளராயிருந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ், ஈராண்டுக்கு 100 டாலர் கட்டணம் விதித்தது. 1998-இல் ஐகான் அமைப்பு தோன்றியது. மறு ஆண்டே பதிவாளர் பலராயினர், கட்டணமும் தாழ்ந்தது.

இவ்வரலாற்றால் நான் தெளிந்தது ஒன்று: பெயரைப் பதிவது வேறு, தளத்துக்கு இடம் பெறுவது வேறு. பெயர் உங்கள் பேரில் இருப்பின், இடத்தை எந்நாளும் மாற்றலாம். பிறர் பேரில் இருப்பின், குடிபெயரும்போது முகவரியையே இழக்க நேரும். ஆதலின், விலையை நோக்குமுன் உரிமை யார் பேரில் என நோக்குக. புதுப்பிக்கும் நாளையும் மறவாதீர்.